இரண்டாம் நாள்

அன்றைய வாசகத்தைப் பார்த்ததுமே, அந்த ஒரு வரியை மட்டும் வாசிப்பதில்லை என்று ஜெபசெல்வி முடிவு செய்துவிட்டாள்.

தாராவி கோயிலில் திங்கட்கிழமை காலைப் பூசை. இருபது பேர்கூட இல்லை. வழக்கமாக வாசிப்பவர் வராததால், ஃபாதர் சுற்றிலும் பார்த்துவிட்டு அவளைக் கைகாட்டியிருந்தார்.

உலகம் படைக்கப்பட்ட வாசகம். மறைக்கல்வி படித்த காலத்திலிருந்து அவளுக்குத் தெரியும்: ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் கடவுள் அதைப் பார்த்து நல்லது என்பார்.

நல்லதாம்.

ஷர்மிளாவைப் புதைத்து முப்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. ஒன்பது வயது மகள். மஞ்சள் காமாலை. அவர்கள் சந்தில் குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே கிடக்கிறது. எங்கோ விரிசல் விட்டு இரண்டும் கலந்திருந்தன.

கல்லறையில் இதே ஃபாதர்தான் பேசினார். கடவுள் எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார், அதற்கு வெளியே எதுவும் நடப்பதில்லை என்றார். வந்தவர்கள் தலையாட்டினார்கள். ஜெபசெல்வி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

இப்போது வாசித்தாள். முதல் நாள், ஒளி. அதை நல்லது என்று அவர் சொன்னதில் அவளுக்குச் சண்டை இல்லை.

இரண்டாம் நாள், தண்ணீர். மேலே உள்ள தண்ணீரையும் கீழே உள்ள தண்ணீரையும் கடவுள் பிரித்தார்.

பிரித்தாராம். எங்கள் சந்தில் யார் பிரித்தது?

அவள் வாயை மூடிக்கொண்டாள். தலையை நிமிர்த்தி ஃபாதரை நேராகப் பார்த்தாள். கோபத்தில் காது சுட்டது. அந்தத் தண்ணீரை நல்லது என்று சொல்லும் வரியைத் தாண்டி எங்கே தொடங்குவது என்று மறுபடி குனிந்தாள்.

தாண்டுவதற்கு அங்கே வரி இல்லை.

மாலை, காலை, இரண்டாம் நாள் முடிந்தது. அவ்வளவுதான். விரலை வைத்து மேலும் கீழும் தேடினாள்.

"வாசிம்மா" என்றார் ஃபாதர் மெதுவாக.

"தண்ணியப் பிரிச்ச நாள்ல அவரு நல்லதுன்னு சொல்லவே இல்ல, ஃபாதர்." மைக் அதைக் கோயில் முழுக்கக் கொண்டுபோயிற்று.

ஃபாதர் எழுந்து வந்தார். இருபத்தாறு வருடமாகப் பூசை வைப்பவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவள் விரல் இருந்த இடத்தை இரண்டு முறை படித்தார். திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

மீதியை அவள் குரல் தாழாமல் வாசித்து முடித்தாள்.

அன்று பிரசங்கம் இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது ஃபாதர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அந்தக் குழாய் விஷயமா பேசணும். வார்டு ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பாங்க? நானும் வர்றேன்."

"பத்து மணிக்கு" என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "நான் நாலு தடவ போயிட்டேன், ஃபாதர். எனக்கு மராட்டி வராது. நாலு தடவையும் ஷர்மிளாதான் பேசுனா."