எட்டாவது ஆள்

கெர்சன் ஊர் சர்க்கஸ் கூடாரத்தில் பயில்வான் யெவ்செய் மல்லாந்து கிடக்கிறான். நெஞ்சின் மேல் ஒரு பலகை; அதன் மேல் கூட்டத்திலிருந்து ஏறிய எட்டுப் பேர். மேளம் நின்றுவிட்டது. அடக்கிய மூச்சை அவன் விட்டால் விலா எலும்பு நொறுங்கிவிடும். எட்டாவதாக ஏறிய மாவு வியாபாரி நிகனோர் இறங்குவதாக இல்லை.

“கொஞ்சம் பொறுத்துக்கப்பா, என் மாமியாரும் வந்துட்டிருக்காங்க.”

கூடாரமே சிரிக்கிறது. கேஸ் விளக்கின் வெளிச்சத்தில் யெவ்செயின் கால்விரல்கள் வெளுப்பதை அவன் மனைவி பெலகேயா மட்டும் பார்க்கிறாள். இந்த ஆளை உடனே கிளப்பியாக வேண்டும்.

“அவங்க வந்தா பலகைக்குக் கீழ நீங்கதான் படுக்கணும், முதலாளி. அதுக்குள்ள இறங்கிடுங்க.”

நிகனோரும் சிரித்துக்கொண்டு காலை எடுக்கிறார். அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. ஊரார் பேச்சுக்கு யெவ்செய் சிரித்ததே இல்லை. அவள் பேச்சுக்குத்தான் சிரிப்பான்.

பலகை குலுங்கத் தொடங்குகிறது.