சாமிக்கு கேபின்ல இன்னா வேலை?

ஒன்பது டன் இரும்புத் தகடு நிலவனின் தலைக்கு மேலே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி நிறுத்தியிருந்த கிரேன் ஆபரேட்டர் கஸ்பாரோ தகட்டையும் பார்க்கவில்லை, கீழே கயிற்றைப் பிடித்து நின்ற நிலவனையும் பார்க்கவில்லை. கேபின் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையின் சிலுவையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! இன்னா, அங்க பூசையா நடக்குது? எறக்குண்ணே!" நிலவன் வாக்கி டாக்கியில் கத்தினான்.

"இருப்பா. சிலுவை நிக்கட்டும்."

எண்ணூரில் அந்த இரும்பு யார்டு முழுக்கத் தெரிந்த கேலி இது. கஸ்பார் கும்பிடவும் மாட்டார், நெற்றியில் சிலுவை போடவும் மாட்டார், கண்ணைக்கூட மூட மாட்டார். ஆனால் ஆடுகிற சிலுவை ஆட்டத்தை நிறுத்துகிறவரை லீவரில் கை வைக்க மாட்டார். இந்த ராயபுரத்துக்காரருக்கு ஆண்டவர் நேரில் வந்து ஆர்டர் போடுகிறார் என்று எல்லாரும் சிரிப்பார்கள்.

நிலவனுக்குச் சிரிப்பு வராது. மூன்று வருஷத்துக்கு முன்னால் திருவொற்றியூரில் வேறொரு யார்டில், "சாமி பாத்துக்கும்" என்று ஒருவன் தூக்கிய பைப் கட்டு அறுந்து விழுந்துதான் அவன் மச்சான் செத்தான். ஆஸ்பத்திரியில் மூட்டையாகக் கட்டித் தந்த உடம்பை எம்.கே.பி. நகர் வீடு வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் நிலவன். அன்றிலிருந்து, வேலை நேரத்தில் எவன் சாமி பேரை எடுத்தாலும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தான் போன வாரம் மேனேஜருக்கு மனு எழுதினான். 'வண்டி சாய்ந்தால் கத்துவதற்கு அலாரம் இருக்கிறது. ஆளைப் பார்ப்பதற்குக் கண்ணாடி இருக்கிறது. சாமிக்கு கேபினில் என்ன வேலை? வேலை செய்கிற இடத்தில் எந்த மதத்தின் சின்னமும் வேண்டாம்.'

தகடு ஒருவழியாக லாரியில் இறங்கியது. இறங்கிய கையோடு சூப்பர்வைசர் லட்சுமணன் காகிதமும் கையுமாக வந்தார். கேபினில் ஏறினார், ஜெபமாலையை அறுக்காத குறையாகக் கழற்றினார், டிபன் வாங்கிய கேரி பேக்கில் போட்டுக்கொண்டார்.

கஸ்பார் பதறிப்போனார். "சார், சிலுவை வாணாம்னா போவட்டும். வேற இன்னாத்தனாச்சும் மாட்டிக்கிறேன். புள்ளையாரு குட்தாலும் சரி, ஒண்ணு தொங்கட்டும் சார்!"

"ஒரு சாமி போனா இன்னொரு சாமியா? நல்ல ஆளுய்யா நீ!" லட்சுமணன் சிரித்தார். "கண்ணாடியில எதுவுமே தொங்கக் கூடாது. ஆர்டர்ல போட்டுக்கீது, பாரு."

"அதில்ல சார்..."

"பேஜாரு பண்ணாத கஸ்பாரு. அடுத்த லாரி நிக்குது. தூக்குறியா, வேற ஆள வரச் சொல்லட்டா?"

"தூக்குறேன் சார்" என்று கஸ்பார் கொக்கியைப் பார்க்கக் கீழே இறங்கினார். ஐம்பத்தாறு வயசில் வெளியே போனால் வேறு எவன் கிரேனைக் கையில் கொடுப்பான்?

நிலவன் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் மனசு நிறையவில்லை. ஆபீஸ் ரூமில் ஆயுதபூஜைக்கு மாட்டிய சரஸ்வதி படம் மாலையோடு அப்படியே இருந்தது. லாரி முகப்பில் வேலும் எலுமிச்சம்பழமும் அப்படியே இருந்தன. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாக, எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னால் இவருடையதை மட்டும் பிடுங்கிக்கொண்டு போகிறார்களே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணே, சத்தியமா உன்னுது ஒண்ண மட்டும் எடுக்கச் சொல்லி நான் எழுதல. கோச்சிக்காதண்ணே."

கஸ்பார் கேபின் படியில் கால் வைத்தார். "கோவம்லாம் இல்ல நைனா. இன்னிக்கு மட்டும் நீ தூரமா நில்லு."

நிலவனுக்குப் பிடிபடவில்லை. அக்கறையில் சொல்கிறாரா, மிரட்டுகிறாரா? கேட்பதற்குள் அவர் கேபினில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டார்.

இந்த முறை பதினோரு டன். ரெண்டு நாள் மழையில் தரை சொதசொதவென்று கிடந்தது. கிரேன் சாயாமல் ஊன்றிய நாலு காலுக்கும் அடியில் போட்டிருந்த பலகைகளின் ஓரத்தில் சேறு பிதுங்கிக்கொண்டிருந்தது. லட்சுமணன் ஷெட் நிழலில் நின்று கையை ஆட்ட, தகடு மெல்ல மெல்ல மேலே எழும்பியது.

நிலவன் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேபினை அண்ணாந்து பார்த்தான். கஸ்பாரின் கண் இன்றைக்கு அங்கே இங்கே போகவில்லை. தகட்டைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், மறுபடி தகட்டைப் பார்த்தார். இத்தனை நாள் இவன் கேட்டதும் இதைத்தானே? ஆனால் அந்த முகம் வேர்த்து ஊற்றுவது கீழே இருந்தே தெரிந்தது.

தகடு அவன் தலையைத் தாண்டி உயர்ந்தது. எங்கேயோ ஒரு பலகை மொறமொறவென்று முனகியது.

வாக்கி டாக்கி கரகரத்தது. "நிலவா... வண்டி ஒரு பக்கமா சாயிற மாறி கீதே. கயித்த வுட்டுட்டு, காலு எறங்குதா பாரு!"

நிலவன் வாக்கி டாக்கியில் கத்தினான். "சாஞ்சா அலாரம் அடிக்கும்ணே! அடிக்கவே இல்லியே?"

"அது செத்து ஒரு வருசமாவுது நைனா... சிலுவை நேரா தொங்குதான்னு பாத்துதான் இத்தினி நாளு உன் தலைக்கு மேல தூக்கினு இருந்தேன்!"