இடது ஓரம் பார்த்த லைட்டு

“வெள்ளை வேண்டாம். மஞ்சள்தான் வேணும்.”

இப்படிச் சொன்னவர் சேஷன் சார். மயூர் விஹார்ல ஃபிளாட்டு, சென்ட்ரல் கவர்மென்ட் உத்தியோகம், கல்லு மேடெல்லாம் ஏறுற ஜீப்பு. அதுலதான் தினம் ஆபீசுக்கே போறாராம். வழியில எந்த மலை இருக்கோ, எனக்குத் தெரியல.

நான் கரோல் பாக்ல வண்டிக்கு எக்ஸ்ட்ரா லைட்டு மாட்டுறவன். டெல்லியில பாதி வண்டி நெத்தியில எரியறது இந்த அருள்மணி கை மாட்டினதுதான். ராசியான கை.

“சார், இதப் பாருங்க. கூரை மேல மாட்டுற வெள்ளைப் பட்டை லைட்டு. போட்டீங்கன்னா ஆக்ரா வரைக்கும் தெரியும்.”

“எதிர்ல வர்றவனுக்கு?”

“அவன் கண்ணு, அவன் இமை. மூடிக்குவான். நமக்கென்ன சார்?”

மனுஷன் சிரிக்கவே இல்ல.

“மஞ்சள்ல ரெண்டு குடு. தூரமா அடிக்க வேண்டாம், அகலமா விழணும். ஒண்ணு முன்னாடி, பம்பருக்குக் கீழ, இடது ஓரம் பார்த்து.”

“இன்னொண்ணு வலது ஓரமா?”

“இல்லை. பின்னாடி.”

“பின்னாடியா! ரிவர்ஸ்லயா சார் ஆபீஸ் போறீங்க?”

“சொன்னதை மாட்டுப்பா.”

ஒருத்தர் பின்னாடி லைட்டு கேட்டா, பின்னாடி யாரோ துரத்துறாங்கன்னு அர்த்தம். ஹரியானாலேர்ந்து சரக்கு ஏத்திட்டு வர்றாரோ? சரி, அது போலீஸ் பாடு. ஆனா ரோட்டுல இடது ஓரம் என்ன இருக்கு? நடந்து போற பொம்பளைங்கதான். அதை நினைச்சதும் எனக்கு ஸ்க்ரூ சரியா ஏறல.

இருந்தாலும் மாட்டி அனுப்பிட்டேன்.

பத்து நாள் போச்சு. சாப்பிட உக்காந்தப்ப என் சம்சாரம் அம்சவேணி ஆரம்பிச்சா. யமுனைக் கரையோரம் ரோடு பெருக்குற வேலை அவளுக்கு. காலையில ஆறு மணிக்கெல்லாம் நாலு பொம்பளைங்களா இறங்கிடுவாங்க.

“யோவ், ஒரு வாரமா ஒரு ஜீப்பு எங்க பின்னாடியே வருதுய்யா. நாங்க நகர்ந்தா நகருது, நின்னா நிக்குது. உள்ள இருக்கிறவன் இறங்கவும் மாட்டேங்கிறான், பேசவும் மாட்டேங்கிறான். பயமா இருக்கு.”

“மஞ்ச லைட்டா? இடது பக்கமா அடிக்குதா?”

“ஆமா. உனக்கெப்படித் தெரியும்?”

“சும்மா கேட்டேன்.”

என் பொண்டாட்டி மேல அடிக்க நானே லைட்டு மாட்டி விட்டிருக்கேன்!

மறுநாள் காலையில ஸ்வெட்டருக்குள்ள பெரிய ஸ்பானரைச் சொருகிக்கிட்டு அவ கூடவே போனேன். பனின்னா அப்படியொரு பனி. சொந்த மூக்கையே தடவித்தான் கண்டுபிடிக்கணும்.

சர்ரு சர்ருன்னு நாலு துடைப்பம். அதுக்குப் பின்னாடி ஆமை மாதிரி அதே ஜீப்பு.

கண்ணாடியைத் தட்டினேன். ஸ்பானராலதான்.

“ஜல்தி இறங்குங்க சார். பொம்பளைங்க பின்னாடி என்ன வேலை உங்களுக்கு?”

சேஷன் சார் இறங்கினாரு. ஸ்பானரைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு.

“நீ லைட்டு மாட்டின அருள்மணிதானே?”

“அதோ பெருக்குறாளே அம்சவேணி, அவ புருஷனும் நான்தான்.”

அவர் முகம் தொங்கிப்போச்சு.

“உன் கடைக்கு வந்தேனே, அதுக்கு முந்தின நாள். இதே இடம். எதிர்ல ஒருத்தன் வெள்ளை லைட்டைப் போட்டுண்டு வந்தான். எனக்கு எதிர்ல ஒண்ணுமே தெரியலை. குத்துமதிப்பா பிரேக் போட்டேன். இறங்கிப் பார்த்தா டயருக்கு அடியில ஒரு துடைப்பம். அதுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு அம்மா. என்னைத் திட்டக்கூட இல்லை. துடைப்பத்தை உருவிண்டு பெருக்கப் போயிட்டா.”

நான் ஸ்பானரைக் கீழ இறக்கினேன்.

“பின்னாடி வர்றவனுக்கு இவங்க இருக்கறது தெரியணும், அதுக்குத்தான் பின்னாடி ஒண்ணு. ரோட்டோட ஓரம் இவங்களுக்குத் தெரியணும், அதுக்கு முன்னாடி ஒண்ணு. பனி விலகற வரைக்கும் இப்படியே வருவேன். அப்புறம் ஆபீஸ்.”

“வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே சார்?”

“உங்கள்ல ஒருத்தரைக் கொல்ல இருந்தவன் நான்னு எப்படிப்பா சொல்றது?”

அம்சவேணி துடைப்பத்தை ஊனிக்கிட்டு நின்னா.

“அது நான்தான் சார். இருந்த நடுக்கத்துல வண்டியைக்கூட நிமிர்ந்து பாக்கல.”

அப்புறம் என் பக்கம் திரும்பி, “வீட்டுல சொன்னா வேலைக்குப் போகாதேம்பே. அதான்யா சொல்லல.”

அப்பத்தான் எதிர்ல பனி முழுக்கப் பளீர்னு வெளுத்துச்சு. ஒரு வண்டி, எங்க ஓரத்துக்கே ஏறி வருது. கூரை மேல வெள்ளைப் பட்டை. நாலு பொம்பளைங்களும் கண்ணைப் பொத்திக்கிட்டு நின்ன இடத்துலயே நின்னுட்டாங்க. சேஷன் சார் ஓடிப்போய் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு அவங்களுக்கு முன்னாடி நின்னாரு. வண்டி அவரை உரசுற மாதிரி போச்சு.

ஜீப்போட பின் லைட்டு வெளிச்சத்துல பார்த்தா, போற வண்டியோட பின் கண்ணாடியில எங்க கடை ஸ்டிக்கர். கோணலா இருந்துச்சு. நான் ஒட்டினா கோணலாத்தான் ஒட்டும்.

“இந்த லைட்டை மாட்டி விட்டவன் கை விளங்காமப் போக!” அம்சவேணி வயிறெரிஞ்சு கத்தினா.

ராசியான கையை ஸ்பானரோட சேர்த்து ஸ்வெட்டருக்குள்ள விட்டுக்கிட்டேன்.