முன்னால் எட்டு விளக்கு

"இந்தக் கோழியை எல்லாம் முந்துறதுக்கா நான் பாங்காக்லேருந்து பிளேன் ஏறி வந்தேன்?" என்றான் அனுச்சித்.

கோழி வேஷம் போட்டிருந்த ஆள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. இறக்கையை ஆட்டி ஆட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அதிகாலை மூன்றரை மணிக்குக் கோயில் வாசலில் மாரத்தான் ஓட வந்து நின்றது மொத்தமே ஐம்பது பேர். அதில் ஒருவன் பள்ளிச் சீருடையில் வந்திருந்தான். இன்னொருவன் கழுத்தில் வாழைப்பழச் சீப்பு. பான் நாசாய் ஊரில் ஓட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் வித்தியாசம் தெரியாது போலிருக்கிறது.

ஆனால் போன வருடம் இதே கூட்டத்தில் அவன் ஆறாவதாக வந்தான். முதல் ஐந்து பேருக்குத்தான் கோப்பை. ஐந்தாவது கோப்பையை வாங்கிக்கொண்டு போனவன் வினாய், சந்தையில் மீன் உருண்டை நூடுல்ஸ் விற்கிறவன். அந்தப் படம் எப்படியோ ஆபீசுக்கு வந்து சேர்ந்து, "நூடுல்ஸ்காரன்கிட்ட தோத்த மேனேஜர்" என்று வருடம் முழுக்கச் சிரித்தார்கள். இந்த முறை கோப்பை இல்லாமல் திங்கட்கிழமை ஆபீசுக்குள் தலை காட்ட முடியாது.

அந்த வினாயே பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான். நெற்றியில் ஒரு விளக்கு, கையில் இன்னொன்று.

"சார், லைட் கொண்டு வரலையா? ரப்பர் தோட்டத்துப் பக்கம் கும்மிருட்டு. இத மாட்டிக்குங்க."

"அத நெத்தியில கட்டிக்கிட்டு ஓட, நான் என்ன சுரங்கத்துல வேலைக்கா போறேன்? நீங்கள்லாம் மாட்டிக்குங்க. அந்த வெளிச்சத்துல நான் வந்துக்கிறேன்."

"சரி சார். திருப்பம் வந்தா மட்டும் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வினாய் போய்விட்டான். யாருக்கு யார் புத்தி சொல்வது என்று அனுச்சித்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினான்காவது கிலோமீட்டரில் தண்ணீர்ப் பந்தல் வந்தது. அங்கிருந்த பெண் ஒரு டம்ளர் சிவப்புச் சர்பத்தை நீட்டினாள்.

"அத நீயே குடி. நான் எத்தனாவது ஆளு? அதச் சொல்லு."

"ஒன்பதாவது சார்! முன்னால எட்டுப் பேரு!"

நான்கு பேரை முந்தினால் கோப்பை. அனுச்சித் காலை எட்டிப் போட்டான். கொஞ்ச தூரத்தில் இன்னொரு அம்மாள், கையில் ஒளிரும் குச்சியோடு சாலை நடுவில் நின்று, அவனைப் பார்த்து ஏதோ கத்தினாள். இவளும் சர்பத்தோடு வந்துவிட்டாளா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளைச் சுற்றி நேராக ஓடினான். அதற்கப்புறம் தார் முடிந்து மண் பாதை வந்தது. "ஒழுங்கா ஒரு ரோடு போட வக்கில்ல, மாரத்தான் ஒரு கேடு" என்று திட்டிக்கொண்டே ஓடினான்.

மரங்களுக்கு நடுவே ஒரு விளக்கு தெரிந்தது. ஆனால் அந்த விளக்கு ஒரே இடத்தில் நின்றது. கிட்டே போய்ப் பார்த்தால், ஒருவன் மரத்தைப் பிடித்தபடி குனிந்து நிற்கிறான்.

"என்னடா, கால் பிடிச்சுக்கிச்சா? போ, வீட்டுல போய்ப் படு!"

அவன் வாயைப் பிளந்து பார்த்தான். இன்னும் மூன்று பேர்.

அடுத்த விளக்கும் அப்படித்தான். இரண்டு அடி நடக்கிறது, நிற்கிறது, மறுபடி நடக்கிறது. அந்த ஆள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தான். கோழி வேஷம் போட்டு ஓடுகிற ஊரில் பூட்ஸ் போட்டு ஓடுகிறவனும் இருப்பான்தானே!

"சேத்துல நாத்து நடவா வந்த? ஒதுங்கு, ஒதுங்கு!"

மூன்றாவது ஆள் குந்தி உட்கார்ந்திருந்தான். இருட்டில் வினாயின் முதுகு மாதிரியே இருந்தது. "என்ன நூடுல்ஸ், வெந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு அனுச்சித் வாய்விட்டுச் சிரித்தான். இதற்காகவே ஒரு வருடம் ஓடிப் பழகியிருந்தான். நான்காவது விளக்கையும் தாண்டியதும் கையை மேலே தூக்கிக் குத்தினான். ஐந்தாம் இடம்!

அத்தோடு ஆசை அடங்கவில்லை. எல்லோருமே மரத்தைப் பிடித்துக்கொண்டு திணறும்போது ஐந்தாவதோடு ஏன் நிற்க வேண்டும்? ஐந்தாவது விளக்கு, ஆறாவது, ஏழாவது... ஒருவன்கூடப் போட்டி போட்டு ஓடவில்லை. ஒருவன் "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டான். தோற்கிறவன் கெஞ்சுவதை நின்று கேட்க அனுச்சித்துக்கு நேரமில்லை.

முன்னால் ஒரே ஒரு விளக்குதான் பாக்கி. அதையும் பிடித்துவிட்டான். பார்த்தால், ஐம்பது வயதுப் பெண்! அவளும் ஒரு மரத்தடியில்தான் குனிந்திருந்தாள். இவளுக்குப் பின்னாலா ஏழு தடியன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்? இது ஒரு ஊர், இதற்கு ஒரு மாரத்தான். வெற்றி நிச்சயமாகிவிட்டதால் அவன் நின்று, இடுப்பில் கை வைத்து, நிதானமாகவே பேசினான்.

"ஏம்மா, போதும் விட்டுடு. முதல் கோப்பை எனக்குத்தான். உனக்கு முன்னால வேற யாரும் ஓடலைல்ல?"

அவள் மெதுவாக நிமிர்ந்தாள். நெற்றி விளக்கின் வெளிச்சம் அவனுடைய ஷூவில் விழுந்து, மேலே ஏறி, நெஞ்சில் குத்தியிருந்த எண்ணில் வந்து நின்றது.

"நாங்க எங்க தம்பி ஓடுறோம்? ரப்பர் பால் வெட்டிக்கிட்டிருக்கோம்."