ஈரத் துணி

"குடுய்யா அந்தத் துணியை!"

கீழ்வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில், படியிறங்கிக்கொண்டிருந்த டீச்சர் அப்படியே நின்றுவிட்டாள்.

கீழே வண்டி கழுவுகிறவர் ஈரத் துணியும் கையுமாக விழித்துக்கொண்டிருந்தார். அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் 'வாளி அண்ணன்'. அங்கே நிற்கிற கார்களையெல்லாம் கழுவித் துடைப்பது அவர் வேலை.

கீழ்வீட்டுக்காரர் துணியை வெடுக்கென்று பிடுங்கினார். யார் கழுத்தையோ திருகுகிற மாதிரி அதை முறுக்கினார். பக்கத்திலிருந்த, குடியிருப்புச் சங்கச் செயலாளருடைய வண்டியின் பானெட்டில் அதை வீசினார்.

"என் வண்டிக்குத் தண்ணி ஊத்துறதோட நிறுத்திக்க. துடைக்கிறேன்னு கிட்ட வந்தே, அவ்வளவுதான். போ, அடுத்த வண்டியைப் பாரு!"

தினமும் நடக்கிற கூத்துதான் இது. கையில் இருப்பது, வாளியில் தொங்குவது என்று மனிதர் ஒரு துணியை விடமாட்டார். பிடுங்குவார், முறுக்குவார், வீசுவார். சும்மாவா வைத்தார்கள் அவருக்குச் 'சிடுமூஞ்சி' என்று பெயர்?

டீச்சருக்கு அன்றைக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் சார், அவரும் மனுஷன்தானே? மூஞ்சியில அடிக்கிற மாதிரி வீசுறீங்களே!"

கீழ்வீட்டுக்காரர் தன் வண்டியைத் தானே துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க வண்டி மேலயா வீசினேன்?"

"யார் வண்டியா இருந்தா என்ன சார்?"

"அப்ப உங்களுக்கு என்ன?"

கண்ணாடியில் நின்ற கடைசிச் சொட்டையும் ஒற்றி எடுத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டீச்சருக்குக் காது சிவந்துவிட்டது. "அண்ணே, சாயங்காலம் சங்கக் கூட்டம் இருக்குல்ல? இவரை இன்னைக்கு நான் கேக்காம விடப்போறதில்லை."

வாளி அண்ணன் முகம் வெளிறிவிட்டது.

"வேணாம் டீச்சரம்மா. என் பேச்சையே அங்க எடுக்க வேணாம். போன கூட்டத்துலயே செயலாளர் சொல்லிட்டாரு, இனிமே ஒரு வண்டியில கறை தெரிஞ்சாலும் ஆளை மாத்திடுவோம்னு."

அந்தக் குடியிருப்பில் வருவது உப்புத் தண்ணீர். துடைக்காமல் காயவிட்டால், சொட்டு நின்ற இடமெல்லாம் வெள்ளை வட்டம் விழுந்துவிடும்.

"அதுக்காக மிதிக்கிறவங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிட்டு நிப்பீங்களா?"

"சத்தம்தானேம்மா, போட்டுட்டுப் போறாரு. இந்த வேலை போச்சுன்னா, என்னை வேற யாரு கூப்பிடப்போறாங்க?"

டீச்சர் தன் வண்டிப் பக்கம் வந்தாள். கூரையில் திட்டுத் திட்டாக வெள்ளை.

"சரி, விடுங்க. என் வண்டியில மேல மட்டும் கொஞ்சம் கறை இருக்குண்ணே. சிரமப்படாம, மெதுவா, இன்னொரு தடவை துடைச்சிடுறீங்களா?"

தேனில் குழைத்த மாதிரிதான் கேட்டாள். யாரிடமும் அவள் குரலை உயர்த்தியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"அதுக்கென்னம்மா."

வாளி அண்ணன் இன்னொரு துணியை வாளியில் முக்கித் தூக்கினார். இடது கை பிடித்தது. வலது கை பிடிக்கவில்லை. விரல்கள் துணியைச் சுற்றிப் போயின; இறுகவில்லை. ஒரு முனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது கையாலேயே முறுக்கிப் பார்த்தார். தண்ணீர் சட்டையெல்லாம் வழிந்தது. ஆனாலும் பாதித் தண்ணீர் துணியிலேயே இருந்தது.

டீச்சர் முகத்தைப் பார்க்காமல் கூரையைத் துடைத்தார். துடைத்த வழியெல்லாம் புதிதாகச் சொட்டு நின்றது.

"கையில என்னண்ணே?"

"கொஞ்ச நாளா மடங்க மாட்டேங்குதும்மா. கழுவுறதெல்லாம் கழுவிடுவேன். பிழியத்தான்..." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"அப்புறம் எப்படி மத்த வண்டியெல்லாம் பளிச்சுன்னு இருக்கு?"

அவர் கீழ்வீட்டுக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நீங்க சீக்கிரம் கிளம்புவீங்கன்னு, உங்க வண்டியை மட்டும் அவரு வெளிய வர்றதுக்கு முன்னாடியே துடைச்சிடுறேன்மா."

டீச்சருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு செயலாளர் வண்டியின் பானெட்டில் கிடந்த துணியைப் போய் எடுத்தாள். முறுக்கு இன்னும் பிரியாமல் இருந்தது. அழுத்திப் பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை.

"அவருக்கு உங்க கையைப் பத்தித் தெரியுமா?"

"நான் சொன்னதில்லைம்மா. அவரும் கேட்டதில்லை."

படியில் செருப்புச் சத்தம். செயலாளர் விரலில் சாவியைச் சுழற்றியபடி இறங்கி வந்தார். அவர் பார்வை நேராக வாளி அண்ணன் கைக்குப் போயிற்று. கூரையைத் துடைத்த துணியிலிருந்து இன்னும் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது? வண்டியைத் துடைக்கிறியா, குளிப்பாட்டுறியா?"

வாளி அண்ணன் வாயைத் திறப்பதற்குள்,

"குடுங்கண்ணே அந்தத் துணியை!"

டீச்சர் போட்ட சத்தத்தில் செயலாளரே ஓரடி பின்னால் போனார்.

அவள் துணியை வெடுக்கென்று பிடுங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு விழும்வரை முறுக்கினாள். செயலாளர் வண்டியின் பானெட்டில் வீசினாள்.

"என் வண்டியை இனிமே நானே துடைச்சுக்கறேன். போங்க, அடுத்த வண்டியைப் பாருங்க!"

செயலாளர் விரலில் சுழன்ற சாவி நின்றுவிட்டது.

"என்ன டீச்சர், நீங்களுமா அந்தச் சிடுமூஞ்சி மாதிரி ஆரம்பிச்சுட்டீங்க?"

"ஆமா சார்," என்றாள் டீச்சர். "இத்தனை வண்டிக்கு ஒரு சிடுமூஞ்சி போதாது."