ஆளுக்கு மட்டும் எரியும் விளக்கு

லடாக் மலையில் மின்கோபுரம் எழுப்பும் இடத்தில், திறந்தவெளி ஓய்விடத்துக்குக் குளிர்காயப் புது அகச்சிவப்பு விளக்குகள் வந்திருந்தன. கீழே இருக்கும் ஆளின் உடம்புச் சூட்டை உணர்ந்தால்தான் அவை எரியும். காலி பெஞ்சுக்கு வெப்பம் வீணாகாது என்றுதான் நிர்வாகம் அவற்றைத் தேர்ந்தெடுத்தது.

கோபுர உச்சியிலிருந்து இறங்கிவந்த செங்கோடன் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார். அவருக்கு மேலிருந்த விளக்கு எரியவில்லை. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கீழே கம்பி வளைக்கும் பாவாயி பக்கத்து விளக்கடியில் இருந்தாள். "ஏனுங்கண்ணா, உங்களுக்கு மட்டும் எரியலீங்களா?"

"மேல காத்துல வெறச்சுப் போயிட்டேன் கண்ணு. என்னையும் பெஞ்சுன்னு நெனச்சுக்கிச்சாட்ட இருக்குது."

"இங்க வந்து என்ற எடத்துல உக்காருங்க."

"எந்திரிக்க முடியல."

அவள் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் ஊற்றிவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் டம்ளரை நெஞ்சோடு அணைத்ததும் விளக்கு எரிந்தது. அவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார்.

"குடிச்சுப்போடாதீங்க! டம்ளரத்தான் ஆளுன்னு நெனச்சிருக்குது."

தொண்டை வறண்டிருந்தும் அவர் குடிக்கவில்லை. மெல்ல விரல்களுக்கு உணர்வு வந்தது. பிறகுதான் உடம்பு நடுங்கவே தொடங்கியது. தேநீர் ஆறிப்போயும் விளக்கு அணையவில்லை.

"இப்பத்தான் உங்களை ஆளுன்னு ஒத்துக்கிச்சுங்கண்ணா" என்றாள் பாவாயி.

வேலைக்குச் சங்கு ஊதியது. செங்கோடன் ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு கோபுரத்தை நோக்கி நடந்தார். அவர் எழுந்த கணமே விளக்கு அணைந்தது. வெப்பம் கொஞ்சமும் வீணாகவில்லை.