யாரும் படிக்காத சொல்

பல்லடத்துக் கோழிகளில் பாதிக்கு நான்தான் அப்பன்.

அந்தப் பாதியும் ஒரு காலையில் கைவிட்டுப் போகப் பார்த்தது.

இன்குபேட்டரின் கன்ட்ரோல் பெட்டி முன்னால் தெய்வானை மேடம் நின்றார். என் அதிகாரி. பெட்டி எங்கள் கம்பெனியுடையது. அதற்குள் ஓடும் கணினி நிரல் நான் எழுதியது.

சின்னத் திரையில் 37.5.

கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய வெப்பமானியில் அதற்குக் கீழே. இன்னும் கீழே.

திரை அசையவில்லை. விசிறி அசையவில்லை. ஹீட்டர் கறுத்துக் கிடந்தது.

நாச்சிமுத்து மட்டும் அசைந்தார். கதவுக்கும் கண்ணாடிக்குமாக. பொரிப்பகம் அவருடையது. உள்ளே தட்டுத் தட்டாக முட்டைகள், ஓட்டில் கீறல் விழத் தொடங்கியிருந்தது. குளிர்ந்தால் அத்தனையும் ஓட்டுக்குள்ளேயே போய்விடும்.

உள்ளிருந்து குஞ்சுகள் கீச்கீச்சென்று திட்டின. என்னையல்ல, மேடத்தை.

அந்தப் பெட்டியின் சிப்பில் இடமே கிடையாது. ஒரு கல்யாணப் பத்திரிகையை ஏற்றினால் மாப்பிள்ளை பெயர் வெளியே நிற்கும். திரையில் எழுத்துக் காட்ட எல்லாரும் எடுத்துப் போடுகிற நிரல் அதற்கு யானை. நான் எழுதியது கொசு. புள்ளி வைத்த எண்ணெல்லாம் அதற்குத் தெரியாது. 375 என்று வைத்துக்கொள்ளும். கடைசி இலக்கத்துக்கு முன்னால் ஒரு புள்ளியைச் செருகிக் காட்டிவிடும்.

காட்டிய கையோடு, பழுது பார்க்கும்போது கணினியில் மாட்டுகிற சோதனைக் கம்பி வழியாக ஒரு சொல்லையும் அனுப்பும்.

சாப்பிட்டியா.

கம்பியின் மறுமுனையில் யாரும் இல்லை.

கொங்கு நாட்டுப் பெட்டி, விசாரிக்காவிட்டால் வேலை செய்யாது என்று மேடத்திடம் முன்பே சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லை எடுத்துப் பார்த்தேன், பெட்டி நின்றுவிட்டது என்றும் சொன்னேன். என் பேச்சில் முக்கால்வாசியை அவர் நம்புவதில்லை. மீதி அவர் காதில் விழுவதில்லை.

அன்று காலை ஓர் எச்சரிக்கை மணியைச் சேர்க்க இடம் தேடினார். அந்தச் சொல்லை அழித்தார். நிரலை ஏற்றினார்.

பெட்டி நின்றது. எச்சரிக்கை மணிகூட அடிக்கவில்லை.

கம்பியை மாற்றினார். பிளக்கை வேறிடத்தில் செருகினார். அணைத்துப் போட்டார். பெட்டி கண்விழித்து, ஒருமுறை 36.4 என்றது. அப்படியே உறைந்தது.

ஆறுதலாக இருக்கட்டுமே என்று நாச்சிமுத்துவிடமும் அந்தச் ‘சாப்பிட்டியா’ விஷயத்தைச் சொன்னேன். அவர் பார்த்த பார்வையில் ஒரு முட்டை வெந்திருக்கும்.

அதற்குமேல் நானும் நடக்க ஆரம்பித்தேன். அவர் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். நான் நடந்த தடத்தில் சிமென்ட் தரை குழிந்துவிட்டது. போய்ப் பாருங்கள், இன்னும் இருக்கிறது.

கடைசியில் மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு, அழித்த இடத்தில் ‘ஓகே’ என்று ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து அடித்தார்.

விசிறி சுற்றியது.

நாச்சிமுத்து கும்பிட்டார்.

விசிறி நின்றது.

மேடம் என் பக்கம் திரும்பவில்லை. அழித்த பழைய சொல்லை முழுசாக அடித்தார். ஒவ்வோர் எழுத்தையும் குத்தி.

விசிறி சுற்றியது.

சுற்றிக்கொண்டே இருந்தது. ஹீட்டர் சிவந்தது. வெப்பமானி மெல்ல ஏறியது. ஓர் ஓட்டை உடைத்துக்கொண்டு ஈரத் தலை ஒன்று வெளியே வந்து நேராக என்னைப் பார்த்தது.

சத்தியமாக என் மூக்கு.

என்னதான் ஆயிற்று என்று நாச்சிமுத்து கேட்டார். நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு மேடத்தைப் பார்த்தார்.

மேடம் விளக்கினார். அந்தச் சொல்லை அனுப்பி முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தில்தான் சூட்டை அளக்கும் கருவி அடுத்த பதிலுக்குத் தயாராகிறது. அவசரப்படுத்தினால் அது பதில் சொல்லாது, சிப் அதற்காகக் காத்தே நின்றுவிடும். இரண்டு எழுத்துக்கான நேரம் போதவில்லை.

நாச்சிமுத்து மறுபடியும் நடக்கத் தொடங்கினார்.

“அதெல்லாம் எனக்கு வேண்டாங்க அம்மணி. இவரு சொன்னது நெசமா, இல்லையா?”

மேடம் மடிக்கணினியை மூடினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் ஒரு தூசியும் இல்லை.

“சாப்பிட்டியான்னு கேட்டாத்தானுங்க ஓடுது.”